போகாத ஊருக்கும் வழி கேட்போம்!



வீட்டில் ஒரு பெண் கதைப் புத்தகம் படித்தால், "பொழுது போகலை போலிருக்கு" என்பார்கள். சமையல் புத்தகம் படித்தால், "பொறுப்பான பொண்ணு" என்பார்கள். பக்திப் புத்தகம் என்றால் பாராட்டுக்குக் கேட்கவே வேண்டாம். ஆனால் பனிமலை ஏறியவர்களையும், சைக்கிளில் தேசம் தேசமாகப் போனவர்களையும் பற்றிய புத்தகத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள். "என்ன, போகாத ஊருக்கு வழி கேக்கறியா?" என்று ஒரு கேள்வி வந்து விழும்!

கேட்பவர்களைக் குற்றம் சொல்வதற்கில்லை. பக்கத்துத் தெருக் கல்யாணத்துக்குப் போவதென்றால்கூட பாலைக் காய்ச்சி, கேஸை மூடி, பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுக் கிளம்புகிறவர்கள் நாம். நமக்கு எதற்கு இமயமலையும் பாலைவனமும் என்பது அவர்கள் கணக்கு. பயணப் புத்தகம் பயணம் போகிறவர்களுக்குத்தான் என்று நினைத்துப் போட்ட கணக்கு அது.

நான் படித்துத் தெரிந்துகொண்டது வேறு. வீட்டை விட்டு நகர முடியாதவர்களுக்குத்தான் அந்தப் புத்தகங்கள் அதிகம் தேவை. ஏனென்றால், அவற்றை எழுதிய பெண்கள் பலரும் நம்மைப் போன்ற வீடுகளிலிருந்துதான் புறப்பட்டிருக்கிறார்கள்.

சைக்கிளும் அட்லசும்

அயர்லாந்து நாட்டில் லிஸ்மோர் என்று ஒரு சின்ன ஊர். அங்கே 1931-ல் பிறந்தவர் டெர்வ்லா மர்ஃபி. அப்பா நூலகர். அம்மாவுக்கு முடக்குவாதம். பத்தாவது பிறந்த நாளுக்கு அந்தப் பெண்ணுக்கு இரண்டு பரிசுகள் கிடைத்தன. ஒன்று பழைய சைக்கிள். இன்னொன்று பழைய அட்லஸ். ஒரு மேட்டில் சைக்கிளை மிதித்து ஏறிக்கொண்டிருந்தபோது, இப்படியே மிதித்துக்கொண்டு போனால் இந்தியாவுக்கே போய்விடலாமே என்று அவளுக்குத் தோன்றிவிட்டது.

பத்து வயதில் யாருக்குத்தான் இப்படித் தோன்றாது? நாம்கூட ஆகாய விமானத்தைப் பார்த்துக் கை ஆட்டியவர்கள்தானே!

ஆனால் பதினான்கு வயதில் அவளுடைய பள்ளிப் படிப்பு நின்றது. அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். அன்று தொடங்கிய வேலை ஏறத்தாழ பதினாறு வருடம் நீடித்தது. சமையல், வீடு, அம்மாவைத் தூக்குவது, படுக்க வைப்பது... நம்மில் பலருக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதே இல்லை. அந்த வருடங்களில் மனம் கசந்ததையும், மூச்சு முட்டியதையும் பிற்பாடு தன் சுயசரிதையில் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். 'தியாகி' என்று தனக்குத் தானே பட்டம் கட்டிக்கொள்ளவில்லை. எனக்கு அவரைப் பிடித்துப்போனதற்கு அதுவே முதல் காரணம்.

ஆனால் அந்தப் பதினாறு வருடமும் அவர் இரண்டு விஷயங்களை விடவே இல்லை. ஒன்று படிப்பது. மற்றது சைக்கிள் மிதிப்பது. இடையில் சில வாரம் ஓய்வு கிடைத்தபோது இங்கிலாந்து, ஜெர்மனி, ஸ்பெயின் என்று போய்வந்தார். 1961-ல் அப்பா போனார். 1962-ல் அம்மாவும் காலமானார். 1963 ஜனவரியில், ஐரோப்பாவே பனியில் உறைந்து கிடந்த நேரத்தில், முப்பத்தொரு வயதில் சைக்கிளில் ஏறினார். யுகோஸ்லாவியா, துருக்கி, ஈரான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் வழியாக அதே வருடம் ஜூலையில் டெல்லி வந்து சேர்ந்தார்.

வழியெல்லாம் சுகமாக இல்லை. ஓநாய்கள் பாய்ந்தன. ஆப்கானிஸ்தானில் ஒரு பஸ்ஸில் நடந்த தகராறில் துப்பாக்கிக் கட்டை இடித்து விலா எலும்பு முறிந்தது. இவ்வளவையும் நாட்குறிப்பு போல எழுதி 1965-ல் புத்தகமாக வெளியிட்டார். ஆங்கிலத்தில் 'ஃபுல் டில்ட்' என்று பெயர். 1973-ல் மறுபடியும் நம் பக்கம் வந்தார். இந்தத் தடவை ஐந்து வயது மகளையும் கையில் பிடித்துக்கொண்டு, நம் காவிரி பிறக்கும் குடகு நாட்டுக்கு! அதையும் ஒரு புத்தகமாக எழுதினார். 2022-ல் தொண்ணூறாவது வயதில் காலமானார்.

மாமியார் கேட்ட கேள்வி

என் வீட்டு விஷயத்தை இங்கே ஒரு காரணத்துக்காகச் சொல்கிறேன். என் மாமியார் இடுப்பு எலும்பு முறிந்து படுக்கையில் விழுந்து நான்கு வருடமாகிறது. வேளாவேளைக்கு மாத்திரை, கஞ்சி, உடம்பு துடைத்து விடுவது, படுக்கைப் புண் வராமலிருக்க இரவில் இரண்டு தடவை எழுந்து திருப்பிப் படுக்க வைப்பது என்று என் நாட்கள் போகின்றன. மதியம் அவர் தூங்காத நேரத்தில், அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அந்த சைக்கிள் புத்தகத்தைத் தினமும் நாலு பக்கம் தமிழில் சொல்ல ஆரம்பித்தேன்.

முதலில் சீரியல் போடச் சொன்னவர், ஓநாய் வந்த அன்றிலிருந்து சீரியலை மறந்துவிட்டார். "அந்த சைக்கிள்காரப் பொண்ணு இப்ப எந்த ஊர்ல இருக்கா?" என்று காலையிலேயே விசாரிப்பு!

ஒரு நாள் திடீரென்று கேட்டார்: "ஏம்மா, இவ பாட்டுக்கு ஊர் சுத்தறாளே, இவ அம்மாவை யார் பாத்துக்கறா?"

"இவதான் பாத்துக்கிட்டா அத்தை. பதினாறு வருஷம். அவங்க போன பிறகுதான் கிளம்பினா."

அவர் ஒன்றும் பேசவில்லை. மேலே சுற்றும் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏன் சொன்னோம் என்று எனக்குச் சங்கடமாகிவிட்டது. சாயங்காலம் போனில் தன் மகளைக் கூப்பிடச் சொன்னார். "மாசத்துல ரெண்டு நாள் நீ வந்து என்கிட்ட இரு. உன் மன்னி எங்கேயாவது போய்ட்டு வரட்டும். நான் சாகற வரைக்கும் அவ காத்துக்கிட்டிருக்கணுமா?" என்றார்.

என் நாத்தனார் வருகிறாள். மாதம் தவறாமல் வருகிறாள். முதல் மாதம் நான் தஞ்சாவூரிலிருந்து தனியாகக் கல்லணைக்குப் பஸ் ஏறினேன். கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் தனியாக நான் போன முதல் ஊர் அது. புத்தகம் படித்து என்ன ஆகப் போகிறது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லக்கூடிய பதில் இவ்வளவுதான்.

கார் சீட்டும் ஜாம் பொட்டலமும்

இன்னொருவர் ஜப்பானியப் பெண்மணி ஜுன்கோ தபே. 1939-ல் பிறந்தவர். சின்ன வயதில் நோஞ்சான் என்று பெயர் வாங்கியவர். உயரம் ஏறத்தாழ ஐந்து அடிதான். 1975 மே 16-ம் தேதி எவரெஸ்ட் சிகரத்தில் கால் வைத்த முதல் பெண் அவர். அப்போது வீட்டில் அவருக்கு மூன்று வயதுப் பெண் குழந்தை!

சிகரத்தைவிட எனக்கு ருசித்தது அவர் புறப்பட்ட கதைதான். பதினைந்து பெண்கள் சேர்ந்து போவதாகத் திட்டம். பணம் கேட்டுப் போன இடங்களில், "குழந்தையை வளர்க்கிற வழியைப் பாரும்மா" என்கிற பதில்தான் கிடைத்தது. கடைசியில் ஒரு செய்தித்தாளும் ஒரு தொலைக்காட்சி நிறுவனமும் உதவின. அப்படியும் ஆளுக்கு ஏறத்தாழ ஒரு வருடச் சம்பளம் அளவுக்குக் கைப்பணம் போட வேண்டியிருந்தது. ஜுன்கோ பியானோ சொல்லிக் கொடுத்துக் காசு சேர்த்தார். பழைய கார் சீட்டின் உறையை வெட்டி, பனியில் நனையாத பைகளும் கையுறைகளும் தைத்தார்கள். வாத்து இறகை வாங்கித் தாங்களே தூக்கப் பைகள் தைத்தார்கள். பள்ளிப் பிள்ளைகள் சாப்பிடாமல் வைத்த ஜாம் பொட்டலங்களைச் சேர்த்து எடுத்துக்கொண்டார்கள்.

இதைப் படித்தபோது, 'அட, இது நம்ம வீட்டு வேலை மாதிரியே இருக்கே!' என்று தோன்றவில்லையா? பழைய புடவையில் தலையணை உறை, கிழிந்த ஜீன்ஸில் கடைக்குப் போகும் பை, மீந்த சாதத்தில் வடாம்... எவரெஸ்டுக்குப் போனது பலசாலியின் தோள் மட்டும் அல்ல தோழிகளே, சிக்கனம் தெரிந்த ஒரு குடும்பத் தலைவியின் கையும்தான்!

மே 4-ம் தேதி நள்ளிரவு தாண்டி பனிச்சரிவு அவர்கள் கூடாரத்தை மூடியது. ஜுன்கோ மூச்சுப் பேச்சற்றுப் போனார். ஷெர்பாக்கள் இழுத்து வெளியே போட்டார்கள். எழுந்து நடக்கவே இரண்டு நாள் ஆயிற்று. ஆனாலும் பன்னிரண்டாம் நாள் உச்சியில் நின்றார்.

உச்சிக்குச் சற்றுக் கீழே, கத்தி முனை போல ஒரு பனி விளிம்பு. ஒரு பக்கம் சறுக்கினால் நேபாளம், மறுபக்கம் சறுக்கினால் திபெத்! அதன் மேல் தவழ்ந்துதான் கடந்தார். அவருக்கு வந்ததோ பயத்தைவிட அதிகமாகக் கோபம். அவருக்கு முன்னால் ஏறியவர்கள் எழுதி வைத்ததில் அந்த விளிம்பைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லையாம்! இந்தக் கோபத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் ஒரு காரியத்துக்கு உதவும்.

வயசு ஒரு சாக்கு இல்லை

"நமக்கு வயசாயிடுச்சு" என்பவர்களுக்கு அலெக்சாண்ட்ரா டேவிட் நீல் என்ற பிரெஞ்சுப் பெண்மணியைச் சொல்வேன். சிறு வயதில் ஜூல்ஸ் வெர்னின் சாகசக் கதைகளைப் படித்துவிட்டு, அந்தக் கதாநாயகர்களை மிஞ்ச வேண்டும் என்று சங்கல்பம் செய்துகொண்டவர். 1911-ல் நம் புதுச்சேரிக்கு வந்து அரவிந்தரைச் சந்தித்திருக்கிறார். அந்நியர்கள் நுழையக் கூடாது என்றிருந்த திபெத்தின் லாசா நகருக்குள் 1924-ல் நுழைந்தார். முகத்தில் கரி, தலைமுடியில் கறுப்பு மை, பிச்சை எடுக்கும் யாத்திரிகை வேடம். பனியில் மாதக் கணக்கில் நடை. அப்போது அவர் வயது ஐம்பத்தைந்து! நூறு வயது தாண்டி 1969-ல் காலமானார்.

நம் நாட்டு பச்சேந்திரி பாலையும் மறக்கக் கூடாது. உத்தரகாசிப் பக்கத்து மலைக் கிராமம். துணி தைத்துக் கொடுத்துப் படித்தவர். 1984 மே 23-ம் தேதி எவரெஸ்டில் ஏறிய முதல் இந்தியப் பெண். அடுத்த நாள் அவருக்கு முப்பதாவது பிறந்த நாள்! அதோடு அவர் கதை முடியவில்லை. 2022-ல் ஐம்பது வயதைத் தாண்டிய பெண்களைக் கூட்டிக்கொண்டு அருணாசலப் பிரதேசத்திலிருந்து லடாக் வரை இமயமலைப் பாதையில் மாதக் கணக்கில் நடந்தார். அந்தக் கூட்டத்தில் இல்லத்தரசிகளும் உண்டு. அவர் எழுதிய எவரெஸ்ட் அனுபவத்தை 1988-ல் நேஷனல் புக் டிரஸ்ட் ஆங்கிலத்தில் வெளியிட்டது. நடை எளிமையானது. பள்ளியில் படிக்கும் பெண் வீட்டில் இருந்தால் சேர்ந்தே படிக்கலாம்.

எப்படிப் படிக்கலாம்?

இந்தப் புத்தகங்களைக் கதை போல ஓட்டிவிடாமல் படிக்க, எனக்குப் பயன்பட்ட சில வழிகளைச் சொல்கிறேன்.

* பிள்ளைகளின் பள்ளிக்கூட அட்லஸை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எழுதியவர் போகிற வழியை விரலால் தொட்டுக்கொண்டே போங்கள். பத்துப் பக்கத்தில் ஊரும் ஆறும் மனதில் ஒட்டிவிடும். பிள்ளைகளும் தாமாகவே வந்து குனிந்து பார்ப்பார்கள்.

* சிகரம், சாகசம் இருக்கும் பக்கங்களைவிட, புறப்படும் முன் நடந்ததை எழுதிய பக்கங்களை இரண்டு தடவை படியுங்கள். பணம் எப்படிச் சேர்ந்தது? வீட்டில் யார் பொறுப்பேற்றார்கள்? என்னென்ன எடுத்துப் போனார்கள்? டெர்வ்லா மர்ஃபி தன் சைக்கிளின் கியரையே கழற்றிவிட்டுத்தான் கிளம்பினார். கரடுமுரடுப் பாதையில் அது கெட்டுப்போனால் யார் பழுது பார்ப்பது என்ற முன்யோசனை! நமக்குப் பயன்படும் பாடம் அங்கேதான் இருக்கிறது.

* எழுதியவர் சொன்னதெல்லாம் வேதவாக்கு இல்லை. வெளிநாட்டவர் நம் ஊரைப் பற்றி எழுதும்போது சில இடங்களில் சுருக்கென்று தைக்கும். படிப்பதை நிறுத்த வேண்டாம். ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டு மேலே போங்கள். சொந்தப் புத்தகமாக இருந்தால் மட்டும்! நூலகப் புத்தகமானால் தனிக் காகிதத்தில்.

* எந்த வருடத்துப் பயணம் என்று முதலில் பாருங்கள். 1963-ல் ஒரு பெண் தனியாக சைக்கிளில் போன வழியில் இன்று அப்படியே போய்விட முடியாது. அவர்கள் துணிச்சலை எடுத்துக்கொள்ளலாம். அவர்கள் பாதையை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

* ஆங்கிலம் வராதே என்று தயங்க வேண்டாம். தமிழிலேயே பொக்கிஷம் இருக்கிறது. ஏ.கே. செட்டியாரின் பயண நூல்களை எடுத்துப் பாருங்கள். காந்தியடிகளைப் பற்றிப் படம் எடுப்பதற்காக உலகம் சுற்றியவர் அவர். அலட்டல் இல்லாத, சின்னச் சின்ன வாக்கியங்கள். காவிரிக் கரையோரமாகவே போய்ச் சிட்டியும் தி. ஜானகிராமனும் எழுதிய 'நடந்தாய் வாழி காவேரி' இன்னொன்று. காவிரித் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்கள் அதைக் கீழே வைக்க மாட்டார்கள்.

* வாங்கிப் படிக்க வசதி இல்லையா? நம் மாநிலத்தில் 1948-லேயே நூலகச் சட்டம் வந்துவிட்டது. நாம் கட்டும் வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்ந்தே போகிறது. காசு கொடுத்தாயிற்று, சாமானை வாங்காமல் வருவோமா? பக்கத்துக் கிளை நூலகத்தில் உறுப்பினராகிவிடுங்கள்.

நாமும் எழுதி வைப்போம்

"படிச்சா ஏக்கம்தான் மிச்சம்" என்று ஒரு தோழி என்னிடம் சொன்னாள். உண்மைதான், ஏக்கம் வரும். எல்லாருக்கும் நாத்தனார் வந்து கைமாற்றிக்கொள்ள மாட்டாள். எல்லா மாமியாரும் "போய்ட்டு வா" என்று சொல்லமாட்டார். இந்தக் கடிதத்தைப் படிக்கிறவர்களில் இன்னும் பத்து வருடம் எங்கும் நகர முடியாதவர்கள் இருப்பார்கள். அவர்களிடம் "கவலைப்படாதே, எல்லாம் நடக்கும்" என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் ஏக்கமே இல்லாமல் போவது அதைவிட மோசம். எங்கே போக வேண்டும் என்று ஆசைப்பட்டோம் என்பதே மறந்துபோனால், ஒரு நாள் கதவு திறந்தாலும் கால் வாசற்படியிலேயே நின்றுவிடும். மர்ஃபிக்குக் கதவு திறந்தபோது அட்லஸின் பக்கம் மனதில் அழியாமல் இருந்தது. அதைக் காப்பாற்றி வைத்தது அவர் படித்த புத்தகங்கள்தான்.

இப்போது அந்த ஜப்பானியப் பெண்மணியின் கோபத்துக்கு வருவோம். முன்னால் போனவர்கள் எழுதி வைக்காததால்தானே அந்தப் பனி விளிம்பு அவருக்குத் தெரியவில்லை? நாமும் போய்வருகிறோம். காசிக்கு, ராமேசுவரத்துக்கு, மகள் பிரசவத்துக்கு அயலூருக்கு... ஆனால் எத்தனை பேர் நாலு வரி எழுதி வைத்திருக்கிறோம்? எந்தப் பஸ் நிலையத்தில் கழிப்பறை சுத்தமாக இருந்தது, தனியாக வரும் பெண்ணுக்கு எங்கே தயங்காமல் அறை கொடுத்தார்கள், முட்டி வலிக்காரர் எத்தனை படி ஏற வேண்டும், இருட்டுவதற்குள் கடைசிப் பஸ் எத்தனை மணிக்கு... இதையெல்லாம் எந்தப் பெரிய எழுத்தாளர் எழுதப் போகிறார்? இதெல்லாம் நமக்குத்தான் தெரியும்.

அதனால் ஒரு வேண்டுகோள். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். அடுத்து எங்கே போனாலும், கோயிலானாலும் ஆஸ்பத்திரியானாலும் சரி, திரும்பி வந்ததும் தேதி போட்டு, செலவுக் கணக்கோடு எழுதி வையுங்கள். நான் கல்லணைப் பயணத்தை மூன்று பக்கம் எழுதினேன். எதிர்வீட்டுப் பெண் அதை வாங்கிப் படித்துவிட்டு, தன் அம்மாவை அழைத்துக்கொண்டு போய்வந்தாள். நான் விட்டுப்போன ஒரு விவரத்தையும், தண்ணீர் பாட்டிலை வீட்டிலேயே நிரப்பிக்கொண்டு போக வேண்டும் என்பதை, அந்த நோட்டிலேயே தன் கையெழுத்தில் சேர்த்துக் கொடுத்தாள்.

நோட்டு இப்போது மூன்றாவது வீட்டில் இருக்கிறது.

— ஒரு வாசகி, தஞ்சாவூர்.